சுவரில் வைத்த எள்ளுச்சோறு

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. எலியைக் கண்டு கட்டிலில் ஏறி நிற்கிற ஆள் இல்லை. பாம்பென்றாலும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு போவேன். ஆனால் அந்த ஐப்பசி முழுக்க, காலை ஆறரைக்கு வீட்டுக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாலும் உடனே திறக்கமாட்டேன். திறக்க முன்னம் கதவில் காதை வைத்துக் கேட்பேன். வெளியே மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா, மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்கிறதா என்று. ஒன்றும் கேட்காவிட்டால் அதற்கும் பயம்.

இத்தாலியின் மொண்டெல்லோக் கடற்கரையில், கடலைப் பார்த்த வீடுகளுக்குப் பின்னால், மலையடிவாரத்தில், ஒரே கேற்றுக்குள் எட்டு வீடுகள். நான் அங்கே காவற்காரி. காவற்காரி என்றால் துவக்குப் பிடிக்கிற வேலை இல்லை. முற்றம் கூட்டுவது, பூமரங்களுக்குத் தண்ணீர் விடுவது, குப்பை வாளிகளை வெளியே வைப்பது, தபால் வாங்கி வைப்பது. அந்த வேலைக்கென்று கேற்றடியில் இரண்டு அறை வீடு தந்திருந்தார்கள். நானும், கடற்கரை உணவகமொன்றில் சட்டி கழுவுகிற என் மனுசனும், பத்து வயது மகளும் அதற்குள் இருந்தோம். வேலை போனால் வீடு போகும். வீடும் வேலைக் கடிதமும் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அந்த வதிவிட அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் நாங்கள் யார்? அதனால் அந்த இரண்டு அறையும் எனக்கு உயிர்.

முதலில் அடையாளங்கள்தான் வந்தன. கோடைக்கு வந்தவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு காலை பார்த்தால் புல்தரை உழுதுவிட்ட வயல் மாதிரிக் கிடந்தது. நான் நாய் என்று நினைத்துத் திட்டினேன். அடுத்த வாரம் குப்பை வாளிகள் உருண்டு கிடந்தன. அதற்கடுத்த வாரம் நேரிலேயே கண்டேன். ஒரு காது கிழிந்த தாய்ப்பன்றி, காட்டுப்பன்றி, என் இடுப்பளவு உயரம். பின்னால் முதுகில் கோடு கோடாக ஆறு குட்டிகள். கேற்றுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தது. வீட்டுக்குள் ஓடினேன்.

மலையில் இவை பெருகிவிட்டன என்று ஊரெல்லாம் கதை. பக்கத்து வளவில் ஒரு பன்றி நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. எங்கள் வளவு நிர்வாகி ஒரு காகிதத்தைக் கேற்றில் ஒட்டினார். குப்பையைப் பூட்டிய வாளியில் போடவேண்டும்; பன்றியைக் கண்டால் ஓடக்கூடாது; குட்டிக்கும் தாய்க்கும் நடுவே நிற்கக்கூடாது. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: வளவுக்குள் சாப்பாடு வெளியே வைக்கிறவர் யாரென்று தெரிந்தால் அவர்மீது முறைப்பாடு செய்யப்படும், வேலையாள் என்றால் அன்றோடு வேலை இல்லை. அதை வாசித்தபோது எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. நானா சாப்பாடு வைக்கிறேன்?

எல்லோரும் ஆறாம் வீட்டைத்தான் பார்த்தார்கள். அங்கே தனியாக இருந்த இத்தாலிய அம்மாவிடம், சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், எட்டுப் பூனைகள். வேலியோரம் ஆறு கோப்பைகளில் அவற்றுக்குச் சாப்பாடு வைப்பார். வாய்க்காரி, யாரோடும் சண்டைக்கு நிற்பார். நிர்வாகி முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுக் கூட்டம் வைத்தபோது அவர் எழும்பி நின்று கத்தினார்.

"என்ரை பூனையள் கோப்பையை நக்கித் துடைச்சுப் போட்டுத்தான் போகும். பண்டிக்கு அதிலை என்ன மிச்சம் இருக்கு? உங்களுக்கு விசரோ?"

அவர் சொன்னது இத்தாலிய மொழியில். என் காதில் அது இப்படித்தான் கேட்டது. ஒருவரும் நம்பவில்லை. கோப்பைகளை அப்புறப்படுத்தச் சொல்லி நிர்வாகி எனக்கு உத்தரவிட்டார். அடுத்த நாள் காலையில், சிஞ்ஞோரா யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, ஆறு கோப்பைகளையும் எடுத்துக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டினேன். மனதுக்குள் திட்டினேன் வேறு. பூனை வளர்க்கிற ஆசையில் என் பிள்ளை நடக்கிற பாதையில் பன்றியைக் கொண்டுவந்து விட்டாளே மனுசி என்று.

இப்போது சனிக்கிழமைக் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏழரைச் சனி நடந்தது. பெர்மெஸ்ஸோ மாதக்கணக்கில் இழுபட்டது, மனுசனுக்கு வேலை இல்லாமல் போய்த் திரும்பக் கிடைத்தது, மகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். ஊரிலிருக்கும் சாத்திரியாரிடம் போனில் கேட்டபோது, சனிக்கிழமை தோறும் எள்ளுச்சோறு சமைத்து, தான் சாப்பிட முன்னம் காகத்துக்கு வை, குறைவில்லாமல் வை என்றார். நான் அதை ஒரு வாரமும் விடவில்லை. பல்லரோ சந்தைக்குப் பக்கத்துக் கடையில் எள்ளும் நல்லெண்ணெயும் வாங்குவேன். சனி விடியத் தலை முழுகி, எள்ளை வறுத்து இடித்து, சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, சில்வர் தட்டில் எடுத்துப்போய்ப் பின்மதிலில் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்குவேன். இங்கத்தைய காகத்துக்கு உடம்பெல்லாம் சாம்பல் நிறம், மேற்சட்டை போட்ட மாதிரி. சனீஸ்வரன் அதையெல்லாம் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன்.

அரைமணி கழித்துப் போனால் தட்டில் ஒரு பருக்கை இருக்காது. கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஊரில்கூடக் காகம் இப்படிச் சாப்பிட்டதில்லை. நாலு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். இங்கே முழுத்தட்டும் வெறுமை! எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த வெறும் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். படையலை ஏற்றுக்கொண்டார், என் கஷ்டம் தீரப்போகிறது என்று நம்பினேன்.

தீர்ந்தது. பெர்மெஸ்ஸோ வந்தது. உண்மையில் நடந்தது என்னவென்றால், ஆறாம் வீட்டு சிஞ்ஞோரா ஒருநாள் என்னோடு குவெஸ்தூராவுக்கு வந்தார். அந்தப் பொலிஸ் கந்தோர் வரிசையில் காலையிலிருந்து மத்தியானம் வரை கால்கடுக்க நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரோடு என் சார்பில் சண்டை பிடித்தார். பத்து நாளில் அட்டை கையில் வந்தது. சிஞ்ஞோராவுக்கு ஒரு வெறும் நன்றி, "கிராட்சியே", சொன்னேன். சனீஸ்வரனுக்குச் சோற்றை இரண்டு மடங்காக்கினேன்.

கோப்பைகளை எடுத்த வாரத்துச் சனிக்கிழமை எனக்கு மாதவிலக்கு. துடக்கோடு படைக்கக்கூடாது. விடவும் மனமில்லை. மகளைக் குளிக்க வைத்து, நான் தள்ளி நின்று சொல்லச் சொல்ல அவளையே சோற்றைப் பிசைய வைத்து, தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்மதில் எங்கள் பக்கம் இடுப்பளவு. மலைப்பக்கம் மண் சரிந்து நிறைந்து முழங்காலளவுதான். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மகள் தட்டை வைத்துவிட்டு "கா கா" என்றாள்.

மதிலுக்கு அப்பால் பற்றை அசைந்தது. கிழிந்த காதுதான் முதலில் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்ட வீட்டு நாய் வருவதுபோல அவசரமில்லாமல் வந்து, முன்காலைத் தூக்கி மதிலில் வைத்து, தட்டுக்குள் வாயை விட்டது. மோந்து பார்க்கவில்லை. தன்னுடைய தட்டு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

பிறகு கண்டேன், தண்ணீர் போகிற ஓட்டையால் ஒரு குட்டி எங்கள் பக்கம் வந்து மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் என் பிள்ளை. பன்றி தட்டிலிருந்து தலையைத் தூக்கியது. முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் யன்னல் வரைக்கும் கேட்டது. நான் பின்கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

"அம்மா, ஃபெர்மா!" என்றாள், குரலை உயர்த்தாமல். "அசையாதேங்கோ. கத்தாதேங்கோ. ஓடக்கூடாது எண்டு பள்ளிக்கூடத்திலை சொன்னவை."

அவள் முகம் வெள்ளைத் தாளாக இருந்தது. மதிலோடு ஒட்டி, பன்றியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு காலை நகர்த்தி, மற்றக் காலை நகர்த்தி, பக்கவாட்டாக வந்தாள். பத்தடி தூரம்தான். முருகா முருகா என்று நான் வாய்க்குள் முனகிக்கொண்டு நின்றேன். வழி கிடைத்ததும் குட்டி ஓட்டைக்குள் ஓடியது. மகள் என் சட்டையைப் பிடித்தாள். உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம்.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். பன்றி மீதிச் சோற்றை ஆறுதலாகச் சாப்பிட்டு, நாக்கால் தட்டைச் சுற்றி வழித்துவிட்டுப் போனது. ஒரு பருக்கை இல்லை. ஐயோ, அந்த எச்சில் தட்டை எத்தனை சனிக்கிழமை கண்ணில் ஒற்றியிருப்பேன்!

மனுசனிடம் சொன்னேன். அவர் எழும்பிப்போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இஞ்ச பாரும், வாயைத் திறக்காதையும். இனிமேல் வைக்காமல் விடும். அது தன்ரை பாட்டிலை போயிடும்."

"அந்த மனுசியையெல்லோ எல்லாரும் பேசுகினம்?"

"அவவின்ரை வீட்டை ஆரும் பறிக்க ஏலாது. எங்கடை வீட்டைப் பறிக்கலாம்."

வாயை மூடிக்கொண்டேன். காலையில் சிஞ்ஞோராவைக் கண்டால் "புவோன்ஜோர்னோ" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

பன்றி தன்பாட்டில் போகவில்லை. சோறு நின்றதும் சோறு வைத்த கையைத் தேடி வந்தது. அடுத்த சனி குசினிக் கதவடியில் சேறும் மயிரும் ஒட்டியிருந்தன. பிறகு சனிக்கிழமை என்றில்லை, தினமும் வந்தது. கேற்றுக் கம்பியை வளைத்தது. நாலாம் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வரும்போது குறுக்கே பாய்ந்தது. அவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அன்று பின்னேரம் சிஞ்ஞோராவின் கதவில் யாரோ கரியால் "பன்றிக்காரி" என்று எழுதியிருந்தார்கள். அதைக் கழுவ வேண்டியது என் வேலை. கழுவினேன். சிஞ்ஞோரா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, "நீ ஒருத்திதான் எனக்கு உதவி" என்றார். துணியைப் பிழிகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிர்வாகி அனுமதி எடுத்து, பன்றி பிடிக்கிற ஒரு பிடிகாரனை வரவழைத்தார். இரும்புக்கூடு ஒன்று வந்தது. உள்ளே போனால் கதவு தானாக விழும். பக்கத்தில் கம்பத்தில் கமரா. கூட்டுக்குக் கிட்ட யார் போனாலும் அந்தப் படம் உடனே பிடிகாரனின் போனுக்குப் போகும். நான் களவாகச் சோற்றைக் கூட்டுக்குள் வைக்கலாம் என்று யோசித்ததும் அதோடு சரி. அவன் சோளம் போட்டான். பன்றி கூட்டைச் சுற்றி நடந்ததே தவிர நுழையவில்லை. குட்டி நுழையப் பார்த்தால் மூக்கால் இடித்துத் தள்ளியது.

"சோறு போட்டுப் பாருங்களேன்" என்றேன் ஒருநாள், சும்மா சொல்வதுபோல. அவன் சிரித்துக்கொண்டு சோளத்துக்கு மேலே ஒரு பிடி பச்சை அரிசியைத் தூவினான். அது அப்படியே கிடந்தது.

மூன்றாவது வாரம் அவன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான்.

"இது வீட்டுச் சாப்பாட்டிலை ருசி கண்ட பண்டி. என்ன சாப்பாடு எண்டு தெரிஞ்சால் ஒரு நாளிலை பிடிப்பன். தெரியாட்டில் சனிக்கிழமை கூட்டைக் கொண்டு போறன். வேறை இடத்திலையும் கேக்கினம்." பிறகு ஆறாம் வீட்டுப் பக்கம் திரும்பினான். "சிஞ்ஞோரா, என்ன போட்டனீங்கள்? சொல்லுங்கோ."

"நான் ஒண்டும் போடேல்லை" என்றார் சிஞ்ஞோரா. இந்த முறை அவர் கத்தவில்லை.

"அப்ப ஆற்றையும் பிள்ளையைக் கடிச்ச பிறகு சொல்லுங்கோ" என்றான் அவன்.

அது நடந்தது வியாழன். வெள்ளி காலையில் மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். கேற்றிலிருந்து மூலைவரை தினமும் சோற்றுப் பானையைக் கரண்டியால் அடித்துக்கொண்டு நடப்பேன், சத்தத்துக்குப் பன்றி விலகும் என்று. பாதி வழியில் அது நின்றது. அடித்தேன். விலகவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். அது என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தது. பானையைப் பார்த்துக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தது. பானையை எறிந்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கேற்றுக்குள் வந்தோம். வெளியே அது வெறும் பானைக்குள் தலையை விட்டு உருட்டுகிற சத்தம் கேட்டது. பஸ் போய்விட்டது. மகளின் காற்சட்டை நனைந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை, வெட்கத்தில் அழவும் இல்லை.

"அம்மா, நான் இனிப் பள்ளிக்கூடம் போகேல்லை" என்றாள்.

சனி விடிய எழும்பி எள்ளை வறுத்தேன். மணம் போய் மனுசனை எழுப்பியது.

"என்ன செய்யிறீர்?"

"சமைக்கிறன்."

"வீடு போயிடும், தெரியுமோ?"

"பிள்ளை போனால் வீட்டை வைச்சு என்ன செய்யிறது?"

அவர் எழும்பி வந்து நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்து தந்தார்.

கூட்டைக் கழற்றப் பிடிகாரன் வந்திருந்தான். நிர்வாகி நின்றார், வளவுக்காரர் நாலைந்து பேர் நின்றார்கள், சிஞ்ஞோரா தன் வேலியடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முற்றத்தைக் கடந்து சோற்றுப் பானையோடு போனேன். இத்தனை வருடம் கூட்டிய முற்றம் அன்று முடியவே மாட்டேன் என்றது. பிடிகாரனின் கையில் பானையைக் கொடுத்து, "இதைத்தான் அது சாப்பிட்டது. நான்தான் வைச்சனான். காகத்துக்கு எண்டு வைச்சனான்" என்றேன். என் இத்தாலியத்தில் சனீஸ்வரனை விளங்கப்படுத்த எனக்குச் சொல் இருக்கவில்லை. வெறும் காகம் என்றால் விசர்க்கதை மாதிரித்தான் கேட்டது.

சிஞ்ஞோரா வந்து பானைக்குள் குனிந்து பார்த்தார்.

"சனிக்கிழமையிலை உன்ரை குசினியிலிருந்து வாற மணம்" என்றார்.

"ஓம், சிஞ்ஞோரா."

"என்ரை கோப்பையளை அள்ளிக்கொண்டு போனது நீதானே?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"கதவைக் கழுவேக்கை தெரியுமோ?"

அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

பிடிகாரன் சோற்றைக் கூட்டுக்குள் கொட்டினான். எல்லோரும் வீடுகளுக்குள் போய் யன்னலால் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. பகல் வெளிச்சத்தில், கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு வந்து, நேரே நுழைந்து சாப்பிடத் தொடங்கியது. குட்டிகளும் பின்னால் போயின. கதவு விழுந்தது. அது போட்ட கத்தல் மலைவரைக்கும் போயிருக்கும். என் பிள்ளை தப்பிவிட்டாள் என்று கும்பிட்டேன். அதே நேரம் என்னை நானே பாவி என்றும் திட்டினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பழக்கியவள் நான். என் சோற்றை நம்பித்தானே குட்டிகளோடு உள்ளே போனது. எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பின்னேரம் மறுபடியும் பிளாஸ்டிக் கதிரைகள். எங்களை அனுப்புவதா வைத்திருப்பதா என்று, நகரத்தில் இருந்தவர்களைப் போனில் கேட்டு, எட்டு வீட்டாரிடமும் வாக்கெடுத்தார்கள். அனுப்பு என்று நாலு வீடு. இருக்கட்டும் என்று மூன்று வீடு. கடைசியாக ஆறாம் வீடு. சிஞ்ஞோரா இருக்கட்டும் என்ற பக்கம் கையை உயர்த்தினார். நாலுக்கு நாலு என்றால் உங்களை வேலையால் நிற்பாட்ட முடியாது என்று நிர்வாகி சொல்லி எழும்பினார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார்.

"உனக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்குப் படுக்க ஒரு இடம் வேணும்." கதவைச் சாத்த முன்னம் திரும்பினார். "இத்தனை கிழமை என்ரை முகத்தைப் பார்த்துச் சிரிச்சனீ."

இப்போது பின்மதிலுக்கு மேலே கம்பிவலை இருக்கிறது, வாளிகளுக்குப் பூட்டு இருக்கிறது. சனிக்கிழமை யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே எள்ளெண்ணெய் விளக்கு மட்டும் ஏற்றுகிறேன். இந்த இடம் வெறுமையாக இருக்காது, வேறு ஒன்று வரும் என்று பிடிகாரன் சொல்லிவிட்டுப் போனான். அதனால் இன்றும் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறேன்.

அந்த மார்கழியில் கபோ சந்தைக்குப் போய் ஆறு கோப்பைகள் வாங்கினேன். நீலப் பூப்போட்ட நல்ல கோப்பைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சிஞ்ஞோராவின் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை அவை ஆறாம் வீட்டுக் குப்பை வாளிக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பையில், வாய் கட்டிக் கிடந்தன. குப்பையைக் கேற்றுக்கு வெளியே வைப்பது என் வேலை. தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.